நாகசாகி: மணியோசை மங்காத துறைமுகம்



உலகப் படத்தை விரித்து, ஜப்பான் நாட்டின் நான்கு பெருந்தீவுகளுள் தெற்கே அமைந்த கியூஷூத் தீவைப் பாருங்கள். அதன் மேற்குக் கரை, கிழிந்த துணியின் ஓரம் போலத் தீபகற்பங்களும் குடாக்களும் தீவுகளுமாகச் சிதறிக் கிடக்கும். அவற்றினிடையே, கடல்நீர் நிலத்தினுள் நீண்டு நுழைந்து, மூன்று பக்கமும் குன்றுகள் அரண் செய்ய, அமைதியாகப் படுத்திருக்கும் ஒரு துறைமுகம் உண்டு. அதுவே நாகசாகி. இம்மாதம் நாம் வலம்வரப் போவது அந்நகரையே.

நாகசாகி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அணுகுண்டு என்ற சொல்லே நம் நினைவுக்கு வருகிறது. பலருக்கு அந்நகரைப் பற்றித் தெரிந்ததும் அவ்வளவே. ஆனால் 1945-ஆம் ஆண்டின் அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் அந்நகருக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வணிகம் உண்டு, கலை உண்டு, சுவையான உணவும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, குருக்களே இல்லாமல் இருநூற்றைம்பது ஆண்டுகள் தம் வீட்டினுள்ளேயே விசுவாசத்தைக் காத்த எளிய குடும்பங்களின் கதையும் உண்டு. குடும்பங்களுக்கென்றே வெளிவரும் இவ்விதழில், அக்கதையை விடுத்து அந்நகரின் அழகை மட்டும் பேசுவது முறையாகாது.

துறைமுகம் பிறந்த கதை

ஜப்பானிய மொழியில் ‘நாக’ என்றால் நீண்ட, ‘சாகி’ என்றால் நிலமுனை என்று பொருள். நீண்ட நிலமுனையின் ஓரத்தில் இருந்த சிறு மீனவர் குடியிருப்பு 1571-ஆம் ஆண்டில் போர்த்துகீசியக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திறந்துவிட்டவர் ஓமுரா சுமிதாதா என்னும் குறுநில மன்னர். 1563-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற இவரே ஜப்பானியப் பிரபுக்களுள் முதற் கிறிஸ்தவர்.

இவருக்கு முன்பே ஜப்பானில் நற்செய்தியின் வித்தை ஊன்றியவர் நமக்கு மிக நெருங்கியவர். 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, நம் கடற்கரைச் சிற்றூர்களில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழில் செபங்களைக் கற்பித்த புனித சவேரியாரே 1549-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் கியூஷூவின் தென்கோடியான ககோஷிமாவில் இறங்கினார். மறு ஆண்டில், இன்றைய நாகசாகி மாநிலத்தைச் சேர்ந்த ஹிராதோத் தீவுக்கும் சென்றார். மணப்பாட்டு மணலில் பதிந்த அதே பாதங்கள் அக்கரையிலும் பதிந்தன என்றெண்ணும்போது, தொலைவிலுள்ள அந்நாடு சற்றே அருகில் வருகிறது.

போர்த்துகீசியர் நம் மொழிக்குச் சில சொற்களைத் தந்து சென்றதுபோல் ஜப்பானிய மொழிக்கும் தந்து சென்றனர். சட்டையிலுள்ள பொத்தானை ஜப்பானியர் ‘பொத்தான்’ என்றே வழங்குகின்றனர். ரொட்டியை ‘பான்’ என்பர். இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்பதும் அதே போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்ததே. மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் ‘தெம்புரா’ என்ற புகழ்மிக்க உணவின் பெயர், திருச்சபையின் ஒருசந்தி நாட்களைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். அந்நாட்களில் இறைச்சியை விலக்கி மீனைப் பொரித்து உண்டனராம்.

நிஷிசாகாக் குன்று

நாகசாகி இரயில் நிலையத்திலிருந்து சில நிமிடம் மேடேறி நடந்தால் நிஷிசாகாக் குன்றை அடையலாம். நகருக்கு வரும் கத்தோலிக்கர் முதலில் கால் வைப்பது இங்கேதான்.

ஜப்பானைத் தன் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்த ஹிடேயோஷி, அந்நியரின் செல்வாக்கைக் கண்டு அஞ்சி 1587-ஆம் ஆண்டில் வேதபோதகர்களை வெளியேறப் பணித்தார். பத்தாண்டுகளுக்குப்பின் அந்த அச்சம் கொடுமையாக வெடித்தது. கியோத்தோ, ஓசகா நகரங்களில் கைதானோர் இடக் காதின் ஒரு பகுதி அறுக்கப்பட்டு, கடுங்குளிரில் நாகசாகிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 1597-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் இக்குன்றின்மீது 26 பேர் சிலுவைகளில் கட்டப்பெற்று ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களுள் அறுவர் வெளிநாட்டவரான பிரான்சிஸ்கன் சபையினர். மூவர் ஜப்பானியரான சேசு சபையினர். ஏனைய பதினெழுவரும் ஜப்பானியப் பொதுநிலையினர். சிலுவையில் தொங்கியபடியே மறையுரை ஆற்றிய பவுல் மீக்கியை நம் வழிபாட்டு நாட்காட்டி ஆண்டுதோறும் பிப்ரவரி 6-ஆம் நாள் நினைவுகூர்கிறது. லூயிஸ் இபராகி என்னும் சிறுவனுக்கு வயது பன்னிரண்டே.

அந்த அறுவருள் ஒருவர் நம் நாட்டவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பம்பாய்க்கு வடக்கே உள்ள வசாயில் போர்த்துகீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த சகோதரர் கொன்சாலோ கார்சியாவே அவர். ஜப்பானிய மொழியை நன்கு கற்றிருந்த அவர், தம் தோழர்களுக்கு நாவாக விளங்கினார். 1862-ஆம் ஆண்டில் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இருபத்தறுவரையும் புனிதர்களாக அறிவித்தபோது, இந்திய மண்ணில் பிறந்து பீடமேறிய முதற் புனிதர் என்ற பெருமை இவரைச் சேர்ந்தது.

அதற்கு நூறாண்டு நிறைவாக, 1962-ஆம் ஆண்டில் இங்கு நினைவுச் சின்னமும் காட்சியகமும் எழுப்பப்பட்டன. ஆளுயர வெண்கல உருவங்கள் இருபத்தாறும் ஒரே வரிசையில், கரங்குவித்து, வானோக்கிய முகத்துடன் நிற்கின்றன. அவற்றுள் உயரத்தில் குறைந்த சிறுவர் உருவங்களின் எதிரே நின்று சற்று நேரம் பார்ப்பவர் மனம் கலங்காமல் திரும்ப இயலாது. அருகிலேயே புனித பிலிப்புவின் ஆலயம்; ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் கௌடியின் பாணியைத் தழுவிய அதன் இரு கோபுரங்கள் தொலைவிலிருந்தே கண்ணைக் கவரும்.

விசிறித் தீவும் மூக்குக்கண்ணாடிப் பாலமும்

1614-ஆம் ஆண்டில் தொக்குகவா அரசு கிறிஸ்தவத்தை நாடெங்கும் தடைசெய்தது. 1639-இல் போர்த்துகீசியர் முற்றாக வெளியேற்றப்பட்டனர். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மேலைநாட்டாருக்கு ஜப்பானில் திறந்திருந்த வாயில் ஒன்றே ஒன்று. அது நாகசாகித் துறைமுகத்தில் செயற்கையாக எழுப்பப்பட்ட தெஜிமா என்னும் தீவு.

விசிறி வடிவில் அமைந்த இத்தீவின் பரப்பு ஏறத்தாழ நான்கு ஏக்கர். முதலில் போர்த்துகீசியரை அடைத்து வைக்கவே 1636-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1641 முதல் டச்சு வணிகர் இதில் குடியேற்றப்பட்டனர். அவர்கள் அனுமதியின்றிப் பாலத்தைக் கடந்து நகருக்குள் வர இயலாது. ஆயினும் இச்சிறு வாயில் வழியாகவே மேலைநாட்டு மருத்துவமும் வானநூலும் தாவர இயலும் ஜப்பானை அடைந்தன. பெரியம்மைக்குரிய தடுப்பூசிப் பால் 1849-ஆம் ஆண்டில் இவ்வழியே வந்திறங்கியது. பிற்காலத்தில் சுற்றியிருந்த கடல் தூர்க்கப்பட்டதால் தெஜிமா நகரோடு ஒன்றாகிவிட்டது. பழைய கிடங்குகளையும் வணிகர் இல்லங்களையும் பழைய முறைப்படியே மீண்டும் எழுப்பி வருகின்றனர். 2017-ஆம் ஆண்டில் புதிய பாலமொன்றும் அமைக்கப்பட்டது.

டச்சுக்காரரைப் போலவே சீன வணிகரும் இங்கு இடம்பெற்றனர். அவர்கள் எழுப்பிய சோபுகுஜி என்னும் பௌத்தக் கோயில் 1629-இல் தோன்றியது. நகரின் நடுவே ஓடும் நாகஷிமா ஆற்றின்மேல் சீனத் துறவி ஒருவர் 1634-இல் இரட்டை வளைவுக் கற்பாலம் அமைத்தார். வளைவுகளும் நீரில் விழும் நிழலும் சேர்ந்து இரு வட்டங்களாகத் தோன்றுவதால் மக்கள் அதனை ‘மூக்குக்கண்ணாடிப் பாலம்’ என்றே அழைக்கின்றனர். 1982-ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பேய்மழையில் ஏறத்தாழ முந்நூறு உயிர்கள் பலியாயின, இப்பாலமும் சிதைந்தது. வெள்ளம் அடித்துச் சென்ற கற்களைத் தேடி எடுத்து அப்பாலத்தை மீண்டும் கட்டினர்.

சீனப் புத்தாண்டுக் காலத்தில் நகரெங்கும் வண்ணக் காகித விளக்குகள் ஒளிரும். அக்டோபர் 7, 8, 9 ஆகிய நாட்களில் சுவா ஆலயத்தின் ‘குஞ்ச்சி’ விழா நடைபெறும். சீன நாக நடனமும் டச்சுக் கப்பல் வடிவத் தேரும் ஜப்பானிய விழாவில் கலந்து வரும் அழகை வேறெங்கும் காண்பது அரிது.

வீடே ஆலயமான காலம்

வெளிநாட்டாரை ஒரு தீவில் அடைத்த அரசு, உள்நாட்டுக் கிறிஸ்தவரை என்ன செய்தது? ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் ஆண்டவரின் உருவத்தையோ தேவதாயின் உருவத்தையோ காலால் மிதித்துத் தாம் கிறிஸ்தவரல்லர் என்று காட்டவேண்டும் என்று ஆணையிட்டது. மறுத்தவர் வதைக்கப்பட்டனர். குருக்கள் ஒருவரும் எஞ்சவில்லை. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, ஆலயம் இல்லை, புத்தகம் வைத்திருப்பதும் மரணத்திற்கு ஏதுவாகும்.

அந்நிலையில் உராகாமிப் பள்ளத்தாக்கின் உழவர்களும் கொதோத் தீவுகளின் மீனவர்களும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். ஊருக்கு ஒருவர் நாட்காட்டியைக் காத்து, கிறிஸ்து பிறப்பு எந்நாள், தவக்காலம் எந்நாள் என்று அறிவிப்பார். ஒருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிப்பார். வேறொருவர் வீடுவீடாகச் செய்தி கொண்டு செல்வார். இலத்தீனும் போர்த்துகீசியமும் ஜப்பானியமும் கலந்த செபங்களைத் தாய் தன் மக்களின் காதில் ஓதினாள். கையில் குழந்தையேந்திய கன்னோன் என்னும் பௌத்தத் தெய்வச் சிலையின் முன் அமர்ந்து தேவமாதாவை வேண்டினர். மிதிக்கும்படி நேர்ந்த அன்று இரவு வீடு திரும்பி உத்தம மனஸ்தாப மந்திரத்தைக் கண்ணீரோடு சொன்னோரும் உண்டு. ஏழு தலைமுறை கழிந்தபின் குருக்கள் கப்பலில் வருவர் என்று பஸ்தியான் என்னும் வேதியர் உரைத்ததாக ஒரு வாக்கு அவர்களிடையே வழிவழியாக வழங்கி வந்தது.

1859-இல் துறைமுகம் மீண்டும் திறக்கப்பட்டது. பாரிசு வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் வந்தனர். நம் புதுவை, கும்பகோணம், சேலம் பகுதிகளில் உழைத்த அதே சபையினரே இவர்கள். வெளிநாட்டார் வழிபடுவதற்கென ஓவுரா என்னுமிடத்தில், இருபத்தாறு வேதசாட்சிகளின் பெயரால், ஓர் ஆலயம் கட்டினர். ஜப்பானில் இன்று நின்று நிலவும் கிறிஸ்தவ ஆலயங்களுள் இதுவே மிகப் பழமையானது.

1865-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் நண்பகல். உராகாமியிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சிலர் வந்து ஆலயத்தின் வாயிலில் நின்றனர். வேடிக்கை பார்க்க வந்தவராக எண்ணிக் கதவைத் திறந்துவிட்டு, பெத்திஜான் என்னும் குரு நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டார். அவர் அருகே முழந்தாளிட்ட ஒரு பெண், தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லிய குரலில் கூறி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். திகைத்துப்போன குரு, பிரான்சிலிருந்து வந்த தேவதாயின் சுரூபத்தண்டை அவர்களை அழைத்துச் சென்றார். இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் குருவின் முகம் காணாத மக்கள், அத்தாயின் கையிலிருந்த பாலனைக் கண்டு மகிழ்ந்தனர். அச்சுரூபம் இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆலயத்தின் படிகளில் ஏறிச் செல்வோர் அதனைக் கண்டு வணங்கலாம்.

கதை அத்துடன் இனிதே முடியவில்லை. வெளிப்பட்ட கிறிஸ்தவர் மீது மீண்டும் கொடுமை பாய்ந்தது. உராகாமி மக்கள் மூவாயிரவருக்கு மேற்பட்டோர் நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1873-இல் தடை அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்ட பின்னரே எஞ்சியோர் ஊர் திரும்பினர். தாங்கள் பட்ட அந்தத் துன்பத்தை அவர்கள் ‘பயணம்’ என்றே குறிப்பிட்டனர்.

எல்லாரும் திருச்சபையோடு மீண்டும் இணைந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. முன்னோர் காத்த முறையையே தொடர்வோம் என்று தனித்து நின்றோரும் இருந்தனர். அவர்களுடைய வழக்கங்களையும் மதித்தே, மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர் தொடர்பான பன்னிரண்டு இடங்களை யுனெஸ்கோ 2018-ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஓவுரா ஆலயம் அவற்றுள் ஒன்று.

குன்றின் மேலும் கடலின் நடுவிலும்

ஓவுரா ஆலயத்திற்குச் சற்று மேலே குளோவர் பூங்கா. ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் குளோவர் 1863-இல் கட்டிய இல்லம், ஜப்பானில் எஞ்சியுள்ள மேலைப்பாணி மரவீடுகளுள் மிகப் பழையது. அதன் தாழ்வாரத்தில் நின்றால் துறைமுகமும், எதிர்க்கரையிலுள்ள கப்பல் கட்டும் தளமும், 1909 முதல் அங்கு நிற்கும் மாபெரும் பாரந்தூக்கியும் தெரியும்.

துறைமுகத்திலிருந்து படகேறினால் ஹாஷிமாத் தீவைக் காணலாம். தொலைவிலிருந்து நோக்கப் போர்க்கப்பல் போன்றே தோன்றுவதால் ‘போர்க்கப்பல் தீவு’ என்ற பெயரும் அதற்குண்டு. கடலடியில் நிலக்கரி தோண்டுவதற்காக அச்சிறு பாறைத்தீவில் அடுக்குமாடி வீடுகள் எழுப்பி, 1959-ஆம் ஆண்டளவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் நெருங்கி வாழ்ந்தனர். 1974-இல் சுரங்கம் மூடப்பட்டது. மக்கள் அனைவரும் வெளியேறினர். இன்று வெறுமையான கட்டடங்களைக் காற்றும் அலையும் அரித்துக்கொண்டிருக்கின்றன. போர்க்காலத்தில் கொரியரும் சீனரும் இங்கே கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டனர் என்பதையும் பார்வையாளர் மறத்தலாகாது.

மாலையில் 333 மீட்டர் உயரமுள்ள இனாசா மலையில் கம்பிவழி ஊர்தியில் ஏறலாம். இருள் கவிந்ததும் குன்றுச் சரிவுகளிலுள்ள வீடுகளின் விளக்குகள் விண்மீன்களாய் மின்ன, நடுவே கருங்கடல் அமைதியாய்க் கிடக்கும். ஜப்பானின் சிறந்த இரவுக் காட்சிகளுள் ஒன்றென இதனைப் போற்றுவர்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பன்றி இறைச்சி, கடலுணவு, காய்கறி ஆகியவற்றைச் சேவையோடு சேர்த்துக் கொதிக்கவைக்கும் ‘சாம்பொன்’ இந்நகரின் தனி உணவு. 1899-இல் உணவகம் தொடங்கிய சீனர் ஒருவர், ஏழைச் சீன மாணவர் குறைந்த செலவில் வயிறார உண்பதற்காக இதனை ஆக்கினாராம். முட்டை, சர்க்கரை, மாவு சேர்த்துச் சுடும் ‘கஸ்தெரா’ போர்த்துகீசியர் விட்டுச் சென்ற இனிப்பு. ஊர் திரும்புவோர் கையில் அதன் பெட்டி ஒன்றாவது இருக்கும்.

பதினொரு மணி இரண்டு நிமிடம்

இனி உராகாமிக்குச் செல்வோம். 1915 முதல் ஓடும் டிராம் வண்டிகள் நம்மை அங்கே கொண்டு சேர்க்கும்.

நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய மக்கள், தம் முன்னோர் திருவுருவங்களை மிதிக்க நேர்ந்த ஊர்த்தலைவரின் வீட்டு மனையையே விலைக்கு வாங்கினர். அங்கே 1895-இல் தொடங்கி, 1914 வரை செங்கல்மேல் செங்கல்லாக அடுக்கி ஆலயம் எழுப்பினர். 1925-இல் இரு கோபுரங்களும் நிறைவுற்றன. கீழை ஆசியாவிலேயே பெரிய ஆலயம் என்று அது புகழ்பெற்றது.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், முற்பகல் 11 மணி 2 நிமிடத்திற்கு, அவ்வாலயத்திலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் தொலைவில், தரைக்கு மேல் ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. விமானம் முதலில் குறிவைத்த நகரம் கொக்குரா. அங்கு இலக்குத் தெரியாமற் போகவே நாகசாகியை நாடியது. ஆலயத்தினுள் தேவமாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. குருக்களும் மக்களும் அங்கேயே மடிந்தனர். உராகாமியின் பன்னீராயிரம் கத்தோலிக்கருள் எண்ணாயிரத்து ஐந்நூறு பேர் மாண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் நகர் முழுவதிலும் மாண்டோர் ஏறத்தாழ 74,000 பேர். இருநூற்றைம்பது ஆண்டுக் கொடுமையால் அழிக்க முடியாத சமூகத்தை ஒரு நொடி ஏறக்குறைய அழித்தது. அதனைச் செய்தவர் பெரும்பாலும் கிறிஸ்தவர் வாழும் ஒரு நாட்டினர். நாகசாகியும் போருக்குப் புறம்பானதன்று. முசாஷி என்னும் பெரும் போர்க்கப்பலும் நீர்மூழ்கு குண்டுகளும் இங்கேதான் உருவாயின. ஆனால் குண்டு, ஆலையையும் பள்ளியையும், படைவீரனையும் பாலகனையும் பிரித்தறியவில்லை.

1955-இல் நிறுவப்பட்ட அமைதிப் பூங்காவின் பெருஞ்சிலை ஏறத்தாழ பத்து மீட்டர் உயரமுடையது. மேலே உயர்ந்த வலக்கை அணுகுண்டின் அச்சத்தையும், கிடையாக நீண்ட இடக்கை அமைதியையும் குறிக்கும். அருகிலுள்ள காட்சியகத்தில் 11 மணி 2 நிமிடத்தில் நின்றுபோன சுவர்க்கடிகாரம் ஒன்றைக் காணலாம். ஆலயத்தின் வடகோபுர முடி சரிந்து ஓடைக்கரையில் விழுந்தது. இன்றும் அங்கேயே கிடக்கிறது. இடிபாடுகளினிடையே கண்டெடுத்த மரத்தாலான தேவதாயின் தலை, கண்கள் எரிந்து குழிந்த நிலையில், இன்றைய ஆலயத்தின் சிற்றாலயமொன்றில் வைக்கப்பட்டுள்ளது. பழைய இடிபாட்டை அப்படியே காக்கவேண்டும் என்றோரும், அதே புனித மண்ணில்தான் புதிய ஆலயம் எழவேண்டும் என்றோரும் வாதிட்டனர். முடிவில் 1958-இல் இடிபாடு அகற்றப்பட்டு, 1959-இல் புதிய ஆலயம் எழுந்தது. பழைய சுவரின் ஒரு பகுதி குண்டு வெடித்த இடத்துப் பூங்காவில் நிற்கிறது.

இரண்டு பாய் அகலத்தில் ஒரு வீடு

ஆலயத்திற்கு அருகில் ‘நியோக்கொதோ’ என்னும் சிறு குடில் உண்டு. இரண்டு பாய் விரிக்கும் அளவே இடம். தன்னை நேசிப்பது போலவே அயலானையும் நேசிக்கவேண்டும் என்ற ஆண்டவரின் கட்டளையே அதன் பெயருக்குப் பொருள். அங்கே வாழ்ந்தவர் மருத்துவர் தகாஷி நாகாய். கதிரியக்கத் துறையில் உழைத்ததன் விளைவாக, குண்டு விழுவதற்கு முன்பே இரத்தப் புற்றுநோய்க்கு ஆளானவர். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவரின் தலைமைக் குடும்பத்தில் வந்தவர் அவர் மனைவி மிதோரி. குண்டு வீழ்ந்தபின் இரண்டு நாள் காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்துவிட்டு வீடு திரும்பிய நாகாய், சாம்பலினிடையே மனைவியின் எலும்புகளையும் அருகில் உருகிய செபமாலையையும் கண்டார். 1951-இல் 43 வயதில் இறக்கும்வரை, தம் இரு குழந்தைகளுடன் அக்குடிலில் படுத்தபடியே நூல்கள் எழுதினார். ‘நாகசாகியின் மணிகள்’ அவற்றுள் புகழ்பெற்றது. பாழ்நிலத்தில் ஆயிரம் சேர்ரி மரக்கன்றுகளை நடச் செய்தார்.

1945 நவம்பரில் இறந்தோர்க்கான வழிபாட்டில் பேசிய நாகாய், உராகாமியின் மக்கள் போரின் பாவங்களுக்காக இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட தகனப்பலி என்றார். உற்றாரை இழந்தோர் பலருக்கு அச்சொற்கள் ஆறுதலாயின. ஆயினும் சிலருக்கு அது பொறுக்கவில்லை. குண்டைப் போட்டவர் மனிதர். அதனை இறைவன் கணக்கில் எழுதலாமா என்று அவர்கள் கேட்டனர். 1981 பிப்ரவரியில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஜப்பான் வந்தபோது, போர் மனிதனின் செயலே என்று ஹிரோஷிமாவில் நின்று அறுதியிட்டுக் கூறினார். அன்றே நாகசாகியிலும் கால்பதித்தார். அதுவரை வாய்மூடி இருந்த கத்தோலிக்கர் பலர் அதன்பிறகே தாம் கண்டதைப் பிறருக்குச் சொல்ல முன்வந்தனர்.

நாம் நாகாயின் தியாகத்தை மதிக்கிறோம். ஆயினும் துன்பத்தில் இருப்பவரிடம், இது தேவசித்தம் என்று எளிதில் சொல்லிவிடும் வழக்கம் நம் இல்லங்களிலும் உண்டன்றோ? துன்புற்றவர் தாமே அவ்வாறு கூறுவது வேறு. அருகில் நிற்கும் நாம் கூறுவது வேறு. மனிதர் இழைத்த தீமைக்கு மனிதரே பொறுப்பேற்க வேண்டும் என்பதையும், சாம்பலினிடையிலும் இறைவன் உடனிருக்கிறார் என்பதையும் ஒருசேரக் கற்பிக்கும் ஊர் நாகசாகி. இந்நகரில் 1956-இல் தொடங்கப்பெற்ற, அணுகுண்டுக்குத் தப்பியோரின் சங்கமான நிகோன் ஹிதான்கியோ, 2024-ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. அவர்களும் தேவசித்தம் என்று சொல்லி அமர்ந்துவிடவில்லை.

செல்ல விரும்புவோர்க்கு

விமானத்தில் வருவோர் ஓமுராக் குடாவின் தீவிலுள்ள நிலையத்தில் இறங்குவர். 2022 செப்டம்பர் முதல் அதிவேக இரயிலும் நகரைத் தொடுகிறது. மார்ச் இறுதியில் சேர்ரி மலரும். ஜூனும் ஜூலையும் மழை மாதங்கள். நகர் முழுதும் மேடும் படிக்கட்டும் ஆதலின் முதியோர் நிதானமாகச் செல்லவேண்டும். மூன்று நாள் தங்கினால் மேற்கூறியவற்றைப் பதற்றமின்றிக் காணலாம். கத்தோலிக்கர் மற்றொன்றையும் விடலாகாது: ஹோங்கோச்சியில், புனித மக்சிமிலியன் கோல்பே 1930 முதல் 1936 வரை இந்நகரில் பணியாற்றியபோது அமைத்த மடம். மலையின் மறுபுறத்தில் இருந்ததால் அது குண்டுக்குத் தப்பியது.

உராகாமி ஆலயத்தின் இரு மணிகளுள் ஒன்று குண்டினால் அழிந்தது. மற்றொன்றை இடிபாட்டிலிருந்து தோண்டியெடுத்து, அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின இரவில் ஒலிக்கச் செய்தனர். மற்றக் கோபுரம் எண்பது ஆண்டுகள் மணியின்றியே இருந்தது. அணுகுண்டுத் திட்டத்தில் மருத்துவராய்ப் பணியாற்றிய ஒருவரின் பேரரான அமெரிக்கப் பேராசிரியர் முன்னின்று முயல, அந்நாட்டுக் கத்தோலிக்கர் பொருளுதவி செய்து புதிய மணி வார்த்தனர். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், 11 மணி 2 நிமிடத்திற்கு இரு மணிகளும் ஒருங்கே ஒலித்தன. குண்டைத் தந்த நாட்டிலிருந்து, பேரப்பிள்ளையின் தலைமுறையில், மணி வந்தது.

அன்பர்களே, நாகசாகியின் விசுவாசத்தை இருநூற்றைம்பது ஆண்டுகள் காத்தது ஆலயமன்று. அடுப்பங்கரையில் பிள்ளையின் காதில் ஓதிய தாயும், நாட்காட்டியைப் புரட்டிய தந்தையுமே. நம் ஊரில் ஆலயம் உண்டு, குருக்கள் உண்டு, மணியும் உண்டு. இவை யாவும் ஒருநாள் இல்லாமற் போனால் நம் பிள்ளைகளின் நாவில் எத்தனை செபங்கள் எஞ்சும்? இன்றிரவு குடும்ப செபத்திற்கு அமரும்போது இதனை எண்ணிப் பார்ப்போம்.

அடுத்த திங்களில் மற்றொரு நகரில் சந்திப்போம்.